மூன்றாம் தளத்துச் சிறுமி

கணினி விளையாட்டுக்குக் கதை எழுதினேனே தவிர, விளையாடுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது.

2003-இல் கம்மனஹள்ளியில் ஒரு மாடி அலுவலகத்தில் பாதாளக் கோட்டை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். வீரன் தளம் தளமாக இறங்குவான். எதிர்ப்படுவதைக் கொன்று சாவியை எடுப்பான். தமிழிலும் கன்னடத்திலும் சிடியாக விற்பதாகத் திட்டம். கதையும் பாத்திரங்களும் என் பொறுப்பு. தினமும் புதிய பிரதியை விளையாடிப் பார்த்துப் பிழை சொல்வது லிங்கராஜபுரத்திலிருந்து வரும் மதலைமுத்துவின் வேலை.

ஒரு கூட்டத்தில் அவர் சொன்னார்: "சார், கோவிச்சுக்காதீங்க. உங்க கதைய யாரும் படிக்கிறதில்ல. நானே என்டர் தட்டிட்டுத்தான் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி ஸ்ரீகண்டன், "நம்ம ரைட்டருக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா, மூஞ்சி வாடிடுச்சு" என்றார்.

அன்று சாயங்காலம் சமாதானமாக மதலைமுத்துவே டீ வாங்கித் தந்தார். பேச்சுவாக்கில் மகளைப் பற்றிச் சொன்னார். சோனியா, ஆறு வயது. முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். கரண்ட் போனால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, கரண்ட் எப்ப வரும்?" என்று கேட்டபடி இருப்பாளாம். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டதும் அதுதானாம். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். என் தொழில் அப்படி.

அடுத்த வாரம் மூன்றாம் தளத்தில் ஒரு பேய்ச் சிறுமியை வைத்தேன். பெயர் வைக்கவில்லை, அவ்வளவு நாகரிகம் எனக்கு உண்டு. வீரனின் சட்டையைப் பிடித்து, "அப்பா, விளக்கு எப்ப வரும்?" என்பாள். கோட்டைக் காலத்துக்குக் கரண்ட் பொருந்தாது. அந்த வசனத்தை மட்டும் என்டர் தட்டித் தாண்ட முடியாது. அவளைக் கொன்றால்தான் சாவி.

முதல் நாளே மதலைமுத்து என் மேஜைக்கு வந்தார். "சார், அந்தப் பாப்பாவ வெட்டாம, கூடக் கூட்டிட்டுப் போற மாதிரி ஒரு வழி வைங்களேன்."

"அப்புறம் கதையில என்ன இருக்கு, முத்து?" என்றேன்.

அதன்பின் அவர் வாளை எடுக்கவில்லை. வீரனைச் சும்மா நிறுத்தி, அவள் அடித்தடித்து அவன் சாகும்வரை பார்ப்பார். மறுபடி தொடங்குவார். பதினோரு நாள் அவருடைய அறிக்கையில் ஒரே வரி: மூன்றாம் தளம் தாண்டவில்லை.

"என்னய்யா, மூணாவது மாடியிலேயே குடித்தனம் வெச்சிட்டியா? எனக்கு ரெண்டு நிமிஷத்துல தாண்டுதே" என்றார் ஸ்ரீகண்டன்.  மாதக் கடைசியில் மதலைமுத்துவின் வேலை போயிற்று.

போகும்போது தன் பிரதியை சிடியில் எழுதித் தரும்படி கேட்டார். தந்தேன். இப்போது வீட்டில் யாரோடும் பேசாமல், சாப்பிடக்கூட எழாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் மனைவி சரளா, விசாரிக்க வந்திருக்கும் உங்களிடம் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும்.

விளையாட்டு நன்றாக வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை. கடைகளுக்குப் போன சிடியில் நீங்கள் தேட வேண்டாம். அந்தச் சிறுமி அதில் இல்லை. அலுவலகத்தில் வேறு எந்தக் கணினியிலும் அவள் இருந்ததில்லை. தினமும் காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன் வந்து, அவருடைய பிரதியில் மட்டும் நான்தான் வைத்தேன்.