நீலம் கூடிப்போன கல்லறை

— இல்ல ஜூடு, இது நம்ம வாங்கின மெழுகுவத்தி இல்ல. நம்மளது கரண்டு போனா கொளுத்துற ஒல்லி மெழுகுவத்தி. இது மாதா கோயில் வாசல்ல விக்கிறது. தடியா இருக்கு பாரு.

— நீயே வச்சிட்டு மறந்திருப்ப, ஆஷ்லின். இந்த செட்டு முழுக்க நீ போட்டதுதான?

— நான் போட்டேன், அதான் எனக்குத் தெரியும். முந்தாநாள் ராத்திரி ஷூட்டிங் முடிஞ்சதும் எல்லாக் கல்லறையையும் போன்ல படம் எடுத்து வச்சேன். இந்தா, தள்ளிப் பாரு. ஒண்ணுலயும் எதுவும் இல்ல. இப்ப இந்த நாலாவதுல மட்டும் மெழுகுவத்தி, செவந்திப் பூ, இங்கிட்டு ஒரு பாக்கெட்டு.

— என்ன பாக்கெட்டு?

— கடலை மிட்டாய்.

— தெர்மாகோல் கல்லறைக்குக் கடலை மிட்டாயா?

— சிரிக்காத. ஒண்ணொண்ணா பாப்போம். இது திருவாதவூர். சிவக்குமார் வீட்டுத் தரிசு நிலம். சுத்தி எங்கயாச்சும் வேதக்காரங்க வீடு இருக்கா?

— சிவாவைக் கேட்டேன், ஒரு வீடு கூட இல்லையாம். அப்ப ஊர்க்காரங்கதான் யாரோ. அந்த வரப்புல வச்ச பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவியிருக்காங்கல்ல, அதே ஆளா இருக்கும்.

— பூசணிக்காய் கதை வேற. அது ஹாலோவீனுக்கு வெட்டுனதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணும் பல்லும் வெட்டி வச்சா இந்தப் பக்கம் அது திருஷ்டிக்காய்தான். உடைக்காம விட்டாங்களேன்னு சந்தோசப்படு. ஆனா குங்குமம் வைக்கிற ஆளு கோயில் மெழுகுவத்தி வாங்கிட்டு வரமாட்டாங்க. நான் தப்பாவும் இருக்கலாம்.

— சரி, யாரோ வச்சாங்க. எடுத்து ஓரமா வை. வெளிச்சம் போறதுக்குள்ள குழியிலருந்து கை வர்ற ஷாட்டை எடுத்து முடிப்போம். கையை நீட்டுறேன்னு ஒத்துக்கிட்ட முத்திருளன் பெரியப்பா எங்க?

— வந்தார். பாத்தார். போயிட்டார்.

— போயிட்டாரா?

— "பொம்மைக் கல்லறைன்னு சொன்னீங்க, சரின்னேன். இது வெளக்கேத்துன குழி. வெளக்கேத்துன குழிக்குள்ள நான் படுக்க மாட்டேன் தாயி"ன்னார். சம்பளத்தைக் கூட்டித் தாரேன்னு சொல்லிப் பாத்தேன். "உசுரோட இருந்தாத்தான செலவழிக்க?"ங்கிறார்.

— அப்ப கை?

— கை இல்ல.

— ஆஷ்லின், நாளைக்குப் போட்டிக்குப் படத்தை அனுப்பணும். கே.கே. நகர் ஃபிளாட்டுக்குப் பேய் மிட்டாய் கேட்டு வாரது முடிஞ்சிருச்சு. செல்லூர்ல செத்துப்போன தறிக்காரர் ராத்திரி வந்து ஓவர்டைம் கேக்குறது முடிஞ்சிருச்சு. டியூஷன்ல பேய்க்கு டெஸ்ட் வைக்கிறதும் முடிஞ்சிருச்சு. அம்புட்டுப் பேயும் ஹாலோவீன் ராத்திரி ஊரைச் சுத்திட்டு இந்த நாலாவது கதையிலதான் திரும்ப வந்து படுக்குது. இது இல்லாட்டி அது படமில்ல, துண்டு துண்டா மூணு காமெடி.

— அது தெரியாமலா நான் இங்க நிக்கிறேன்? என் கையை வேணா வச்சுப் பாப்போம்.

— உன் கையில மருதாணி இருக்கு.

— மருதாணி போட்ட பேய் இருக்கக் கூடாதா?

— செத்துப்போன அப்பாவுக்கு மருதாணியா? கிழவர் கை வேணும். நரம்பு தெரியணும். கல்லறைத் திருநாளுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அவருக்குப் பொறுமை போயி, மண்ணுக்குள்ளருந்து கையை நீட்டி, "இந்த வருசமும் எனக்கு வெள்ளையடிக்க வரமாட்டியாடா"ன்னு கேக்குறார். பையன் அலறிக்கிட்டு ஓடுறான். முடிஞ்சது.

— அந்த ஓடுறதுதான் எனக்கு இன்னமும் ஒட்டல.

— காமெடின்னா ஓடத்தான் செய்யணும்.

— ஓடட்டும். எனக்கு ஒட்டலன்னுதான் சொன்னேன். சரி, மெழுகுவத்தியை விடு. இந்தக் கலரைப் பாரு.

— என்ன கலரு?

— நான் எல்லாத்துக்கும் பழைய சிமெண்டு மாதிரி சாம்பல் கலர் அடிச்சேன். இதுக்கு மட்டும் மேல யாரோ வெள்ளையடிச்சிருக்காங்க. சுண்ணாம்பு. இன்னும் காயல, விரல்ல ஒட்டுது. ஆனா வெள்ளைன்னும் சொல்ல முடியாது. நீலம் கூடிப்போச்சு. வானம் மாதிரி இருக்கு... ஏன்டா, என்னாச்சு?

— நீலமா?

— கிட்ட வந்து பாரு. ஏன் அங்கயே நிக்கிற?

— எங்கம்மா கல்லறையும் இப்படித்தான் இருக்கும்.

— எப்படி?

— நீலம் கூடிப்போயி. அப்பாதான் வருசா வருசம் அடிப்பார். சுண்ணாம்புல நீலத்தை அளவில்லாம ஊத்திருவார். நான் சொன்னா, "உங்கம்மாவுக்கு நீலம் பிடிக்கும்"னு சமாளிப்பார். அந்தக் கல்லறைத் தோட்டத்துலயே அது ஒண்ணுதான் அப்படி இருக்கும். தூரத்துலருந்தே கண்டுபிடிச்சிரலாம்.

— உங்கப்பாவா? நம்ம பெரிய சாரா? பெரிய சார் எதுக்கு இங்க வந்து தெர்மாகோலுக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்?

— அந்தச் சிலுவையில என்ன பேரு இருக்கு?

— ராயப்பன். நீ எழுதுனதுதான். மத்த பேரெல்லாம் நான் எழுதுனேன். இதை மட்டும் நான் எழுதுறேன்னு பிரஷ்ஷைப் பிடுங்குன.

— பெரிய சார் பேரு என்ன, ஆஷ்லின்?

— பெரிய சார் பேரு... பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் பெரிய சார்தான். யாரு பேரைக் கேட்டா? டேய். ஜூடு.

— ம்.

— உயிரோட இருக்குற மனுசன் பேரைச் சிலுவையில எழுதி நட்டு வச்சிருக்கியா?

— கதை எழுதும்போது அந்த அப்பாவுக்கு வேற பேரே வரல. அப்புறம் மாத்திக்கலாம்னு நெனச்சேன். மாத்தல.

— அவருக்குத் தெரிஞ்சா?

— தெரிஞ்சுதான இப்படி இருக்கு. நான் பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை விட்டதுலருந்து அவர் என்கூடப் பேசுறதில்ல. தட்டுல சோத்தைப் போட்டு வைப்பார். "சாப்பிடு"ன்னு சொல்ல மாட்டார். இந்தப் படத்தைப் போட்டியில எடுத்தாங்கன்னா தியேட்டர்ல போடுவாங்க, ஒரு தடவை கூட்டிட்டுப் போய் உக்கார வச்சிருவோம்னு பாத்தேன். அம்புட்டுத்தான் எனக்கு வேண்டியிருந்துச்சு.

— இன்னைக்குக் கல்லறைத் திருநாளு. காலையில அம்மாகிட்ட போனியா?

— எடிட்டிங்ல இருந்தேன்.

— முந்தின நாள் வெள்ளையடிக்க?

— கல்லறைக்கு வராத பையனைப் பத்திப் படம் எடுக்குறதுக்காக நான் கல்லறைக்குப் போகல. போதுமா?

— நான் குத்திக் காட்டல. கேட்டேன். இரு, சிவா ஏதோ பேசி அனுப்பியிருக்கான். ஸ்பீக்கர்ல போடுறேன்.

— மாப்ள ஜூடு, திட்டிராத. அந்தக் கல்லறை போட்டோவை ஸ்டேட்டஸ்ல வச்சேன்ல, அதைப் பெரிய சார் பாத்துட்டார். எங்க வீட்ல அரிசி வாங்குறவரு, அவர் நம்பரு என்கிட்ட இருக்குறதை மறந்தே போனேன். இன்னைக்கு மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்குறார், கையில சுண்ணாம்பு வாளி. "என் கல்லறை எங்கப்பா இருக்கு?"ங்கிறார். கூட்டிட்டு வந்து காமிச்சேன். ரொம்ப நேரம் நின்னார். சிரிச்சாரா அழுதாரான்னு தெரியல மாப்ள, முதுகுதான் தெரிஞ்சுச்சு. என்னையப் போகச் சொல்லிட்டார். அப்புறம் எங்க வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சார். இப்பத்தான் கெளம்பி அங்கிட்டு வாரார். இம்புட்டுத்தான் நடந்துச்சு. நான் அங்க வரல.

— அந்தச் சிலுவையைப் பிடுங்கு.

— இனிமேப் பிடுங்கி என்ன ஆகப்போகுது? அவர்தான் பாத்துட்டாரே.

— பிடுங்கு ஆஷ்லின். கேமராவைப் பையில போடு. இந்தக் கதை வேணாம். படமே வேணாம்.

— மெதுவாப் பேசு. திரும்பிப் பாரு, வரப்புல.

— வேட்டியை மடிச்சுக் கட்டியிருக்காரா?

— ஆமா. வாளியும் இருக்கு.

— கோவமா இருந்தா மடிச்சுத்தான் கட்டுவார்.

— சேறா இருந்தாலும் மடிச்சுத்தான் கட்டுவாங்க.

— ஏம்மா, நீ ஆஷ்லின்தான? எட்டாப்புல ஜன்னலோரம் உக்காந்து வேடிக்கை பாப்பியே.

— குட் ஈவ்னிங் சார்.

— உக்காரு, உக்காரு. இங்க என்ன வகுப்பா நடக்குது?

— அப்பா...

— சுண்ணாம்பு மிஞ்சிருச்சு. உங்கம்மாவுக்கு அடிச்சது போக அரை வாளி. கொட்ட மனசு வரல.

— அப்பா, இது சும்மா படத்துக்கு.

— தெரியும். எழுதுனதை மேசை மேலயே போட்டுட்டு வந்துட்ட. படிச்சேன்.

— முழுசாவா?

— நாலையும். தறிக்காரப் பேய் நல்லாருந்துச்சு, வாய் விட்டுச் சிரிச்சேன். டியூஷன் பேய்க்கு மார்க் ஜாஸ்தி போட்டுட்ட, அது பாஸாகிற கேஸ் இல்ல.

— நாலாவது?

— அதுக்கும் சிரிச்சேன். அப்புறம் போட்டோவைப் பாத்தேன். அப்புறம் உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். இந்தப் பய எனக்கு எப்படியும் வெள்ளையடிக்கப் போறதில்ல, கையில தெம்பு இருக்கும்போதே நானே அடிச்சுக்கிட்டா ஒரு கவலை விட்டுச்சு.

— அந்தக் கடலை மிட்டாய், சார்?

— எனக்குப் பிடிச்சது எதுன்னு வேற யாருக்கு ஞாபகம் இருக்கு? பிரிச்சுச் சாப்பிடும்மா, வெயில்ல இளகிப் போயிருக்கும்.

— பேரை அழிச்சிடுறேம்ப்பா.

— தொடாத. இன்னும் காயல. அந்தக் குழிக்குள்ள படுக்க முத்திருளன் மாட்டேன்னுட்டானாமே?

— நாங்க கெளம்பிட்டோம்ப்பா. கேமராவையும் கட்டியாச்சு.

— அவுத்துருங்க. கிழவன் கைதான வேணும்? இந்தக் கைக்கு என்ன? ஏம்மா, உள்ள ஈரமா இருக்குமா?

— சாக்கு விரிச்சிருக்கு சார். ஆனா நீங்க வேணாம் சார், ப்ளீஸ்.

— அப்பா, நீங்க அதுக்குள்ள படுக்கக் கூடாது.

— பேரை மட்டும் போடலாமாக்கும்? வாளியைப் பிடி. ஒண்ணு கேக்கணும்னுதான் இம்புட்டு தூரம் வந்தேன். அப்பன் கையை நீட்டுறான், பையன் ஓடுறான்னு எழுதியிருக்க. அந்தப் பையனா நடிக்கிறது யாரு?

— நான்தான்.

— சரி. ஆஷ்லின், கேமராவைப் போடும்மா. நான் கையை நீட்டுறேன். ஓடுறதா, பிடிச்சுத் தூக்குறதான்னு அவன் அப்பப் பாத்துக்கட்டும்.