திருவிழாவுக்கு என்ன கலர்?

முத்தையாபுரத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுமே ஜன்னலோரத்தவள் சொன்னாள்: "மெர்சி என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாள்லா, அப்பதாம்ளா எனக்குச் சந்தேகமே வந்துச்சு."

"பாவம்ளா அவ. சேலை கலரை உங்கிட்ட மாத்திச் சொல்லிட்டோமேன்னு அழுதா."

"போன திருவிழாவுல சர்ச் பாட்டுக் குழுவே ரோஸ் சேலைல நிக்கு. நான் மட்டும் பச்சை. ஆனா அழுதது அவ. எல்லாரும் அவளத்தான் தேத்துனாங்க."

"மறந்திருப்பா."

"பிராக்டிஸ் அஞ்சு மணிக்குன்னு சொன்னா. நான் போனா, எல்லாரும் பாடி முடிச்சிட்டு வெளிய வாராங்க. அதுவும் மறதியா?"

பக்கத்திலிருந்தவள் மடியிலிருந்த ஜவுளிக்கடைப் பையை மெல்ல நடைவழியில் இறக்கி வைத்தாள்.

"சரி, இந்தத் திருவிழாவுக்கு நமக்கு என்ன கலராம்ளா?" என்று கேட்டாள் ஜன்னலோரத்தவள்.

"நீலம்னு மெர்சி சொன்னா. நானும் நீலந்தான் எடுத்திருக்கேன்."

அந்தப் பைக்குள் இருந்த மஞ்சள் சேலை என் சீட்டிலிருந்தே தெரிந்தது.

ஜன்னலோரத்தவள் பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மஞ்சள்னு பாட்டுச் சொல்லித்தார சிஸ்டரே எங்கிட்டச் சொல்லிட்டாங்க. நீ என்ன சொல்லுதன்னு பாக்கத்தான் கேட்டேன். நானும் மஞ்சள் எடுத்தாச்சு. உன் பக்கத்துலயேதான் நின்னு பாடுவேன்."