மயக்க ஊசிக்குப் போட்ட பில்

திருவண்ணாமலை மருத்துவமனை ஒன்றில், எண்டோஸ்கோபி முடிந்த ஓர் அம்மா பில் கவுண்டரில் எனக்கு முன்னால் நின்றிருந்தார். கணவர் மாத்திரை வாங்கப் போயிருந்தார்.

"மயக்க ஊசின்னு பில்லுல போட்டிருக்கியேம்மா, எனக்கு மயக்கமே வரலையே."

"ஊசி போட்டாங்கம்மா. நடந்தது ஞாபகம் இருக்காது," என்றாள் கவுண்டர் பெண்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு. எங்க வீட்டுக்காரர உள்ள கூப்ட்டு, புத்துநோய் மாதிரி தெரியுதுன்னு டாக்டர் சொன்னாரு. அவளுக்குத் தெரிய வேணாம்னு இவரு அழுதாரு."

கவுண்டர் பெண்ணின் கை கீபோர்டிலேயே நின்றது. "டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஊசிக் காச பில்லுலருந்து எடுத்துடட்டுங்களா?"

கணவர் மாத்திரைப் பையோடு வந்தார். "இன்னும் என்ன பேச்சு? இன்னிக்குப் பௌர்ணமி, லேட்டானா செங்கம் பஸ்ல ஏறவே முடியாது."

"ஒண்ணுமில்லீங்க," என்ற அந்த அம்மா கவுண்டர் பக்கம் திரும்பினார். "பில் சரிதாம்மா. எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல."