வளர்ப்பவர் பெயர்

வேணாங்க ஐயா, இந்த மரத்துக்கு மட்டும் மார்க் போடாதீங்க. நடுவரைக் குறுக்க மறிக்கறது தப்புதான். ஆனா அதை விடப் பெரிய தப்பு ஒண்ணு இந்தத் தொட்டிக்குள்ள இருக்கு. அதோ, வாசல்ல பேசிட்டிருக்காங்களே, அவங்கதான் என் வீட்டுக்காரம்மா. அவங்க வர்றதுக்குள்ள சொல்லிடறேன்.

இது அவங்க மரம் இல்லீங்க.

அவங்களோடது பதினேழு வருஷத்து போன்சாய், தொட்டிக்குள்ளயே குட்டையா வளர்த்த அத்தி மரம். நாலு வருஷம் முன்ன, மக பிரசவத்துக்குன்னு ஆறு மாசம் போனாங்க. போறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: மண்ணுல விரலை விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. நான் பாசம் பொங்கி மூணு வேளையும் ஊத்தினேன். சிரிக்காதீங்க! நாப்பதாம் நாள் இலையெல்லாம் கொட்டிப்போச்சு. வேரை எடுத்துப் பார்த்தா, கூழ். எல்லாரும் கேட்டுக்க வேண்டிய சேதி இது ஐயா: எதிராளிக்குத் தாகமான்னு பார்க்காம ஊத்தறது அன்பே இல்ல. நம்ம மனசு குளிரணும்னு நாம ஊத்தறது அது.

சரி சரி, விஷயத்துக்கு வர்றேன். அதே ரக அத்திக் கன்னு ஒண்ணைத் தேடிப்பிடிச்சு அதே தொட்டியில நட்டேன். அவங்க அலமாரிப் புஸ்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கிளையில கம்பி சுத்தி வளைச்சேன். கிளை படிஞ்சதும் கம்பியைத் துண்டு துண்டா வெட்டித்தான் எடுக்கணுமாம். எனக்கு மனசு வருமா? நல்ல கம்பியாச்சேன்னு சுத்தினபடியே பிரிச்சேன். படக்! இடது பக்கம் வழுக்கையா இருக்கில்ல? அது என் சிக்கனம்.

அவங்க திரும்பி வந்தாங்க. தொட்டியைச் சுத்தி ஒரு நடை. நல்லாத்தான் பார்த்திருக்கீங்கன்னாங்க. அவ்வளவுதான். அன்னையிலேருந்து, எனக்கு இடுப்பு வலி, இதை மட்டும் நீங்களே பாருங்கன்னுட்டாங்க. மத்த பன்னெண்டு தொட்டியையும் தூக்கி வெக்கற இடுப்புதான், கேளுங்க!

ஒரு பொய்யைக் காப்பாத்தப் போய் ஒரு கலையையே கத்துக்கிட்டேன். இருந்தாலும் பொய் பொய்தானே? உண்மை பேசுன்னு முப்பது வருஷம் கரும்பலகையில எழுதின கை இது. இந்த மரத்துக்காக அவங்க பரிசு வாங்க மேடையேறினா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கைதட்டுவேன்? அதான் சொல்றேன், இதைப் போட்டியிலேருந்தே அடிச்சுடுங்க.

எதைக் காட்டறீங்க? தொட்டியில ஒட்டியிருக்கற சீட்டா? அதை எழுதினது அவங்கதான், நான் படிக்கவே இல்ல. இருங்க, கண்ணாடியை மாட்டிக்கறேன். வளர்ப்பவர் பெயர்... இது என் பேராச்சே! எத்தனை வருஷமா வளர்க்கறீங்க...

நாலு.

ஐயா, நாலுன்னு எழுதியிருக்காங்க.

அப்ப அந்த இடுப்பு வலி...

அதோ வர்றாங்க. சிரிச்சுக்கிட்டே வர்றாங்க பாருங்க. இதோ, நகர்ந்துக்கறேன். நீங்க மார்க் போடுங்க ஐயா. இடது பக்கத்துக்கு மட்டும் குறைச்சுக்கோங்க, அது நியாயம்.