ஓர்னெல்லாவின் குரல்

நேற்று மதியம் சிறைக்கூடத் தொலைக்காட்சியில் எங்கள் பழைய காதல் நகைச்சுவைப் படத்தைப் போட்டார்கள். சுமாரான படம்தான். படகோட்டிப் பெண் ஒருத்தி வேறு யாரையோ தன் மாப்பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறாள். பாதியிலேயே முடிவு தெரிந்துவிடும். பக்கத்து அறை அசுந்தா கொட்டாவி விட்டாள். "படம் கிடக்கு கழுதை, அந்தப் பொண்ணு குரல் மட்டும் தேன்டீ" என்றாள். அது என் குரல் என்று நான் சொல்லவில்லை.

அந்நாளில் ரோமில் முகம் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது. படம் எடுத்து முடித்தபிறகு இருட்டறையில் உட்கார்ந்து இரண்டையும் பொருத்துவார்கள். ஓர்னெல்லா நடித்த படங்களிலெல்லாம் பேசியவள் நான், யோலாந்தா. என் பெயர் எந்தத் திரையிலும் வந்ததில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. கடைவீதியில் அவளைப் பார்த்து மயங்கி நின்றவர்கள், அவள் வாயைத் திறந்ததும் முகம் சுளித்ததை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்குச் சொந்த ஊரான ராவென்னா பக்கத்துக் கரகரப்பு. எனக்கு அது போதுமாக இருந்தது.

வெளியிடும் முன் இந்தப் படத்தை வித்தெர்போ என்ற ஊரில் ஒருமுறை போட்டுக் காட்டினோம். ஒருவரும் சிரிக்கவில்லை. தயாரிப்பாளர் பொன்ஃபாந்தி தொப்பியைக் கசக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"ஆறிப்போன பாஸ்தா மாதிரில்ல இருக்கு. குரல் ஒரே தித்திப்பு, திகட்டுது. ஓர்னெல்லாவே சொந்தக் குரல்ல பேசட்டும், கொஞ்சமாவது உயிர் வரும்."

குற்றம் கதையில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஓர்னெல்லா நல்ல பெண், அதைச் சொல்லிவிட வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்களே பக்கத்துல நின்னு சொல்லிக்குடுங்க. எனக்குப் பயமா இருக்கு."

தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று வெந்நீரில் தேன் கலந்து கொண்டுவந்தேன். துணி வெளுக்கும் காரத்தையும் அதில் கலந்திருந்தேன். "ஒரே மடக்கா குடிச்சிடும்மா" என்றேன். குடித்தாள். தொண்டை மட்டும் போனால் போதும் என்றுதான் இருந்தேன். உயிர் போவதை நான் விரும்பவில்லை, அதை நீதிபதியிடமும் சொன்னேன்.

கூடம் துடைப்பவர்கள் பாத்திரத்தை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். மருத்துவமனையில் நான்தான் அவள் கட்டிலருகே இருந்தேன். அவளால் பேச முடியவில்லை; என்மீது வைத்த கண்ணை எடுக்கவே இல்லை. "அக்காமேல எவ்வளவு பாசம் பாருங்க" என்றார்கள் கன்னியாஸ்திரிகள்.

ராவென்னாவிலிருந்து அவள் தாய் தொலைபேசியில் அழைத்தபோது நான் எடுத்தேன். பேச முடியாதவளுக்காக யாராவது பேசத்தானே வேண்டும்?

"அம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. லேசா ஜலதோஷம். நீ ரயிலேறி வந்து அலையாத."

மூச்சு, இழுப்பு, சிரிப்பு எல்லாம் திரையில் கேட்டபடியே வந்தன.

"யாருடீ நீ? எம் பொண்ணு எங்கடீ?"

அந்த அம்மாள் உடனே ரயிலேறினாள். வந்து சேர்ந்தபோது மகள் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். அந்தத் தொலைபேசிப் பேச்சைப் போலீசிடம் சொன்னவள் அவள்தான். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். படம் என் குரலிலேயே வெளிவந்தது.

அந்த அம்மாள்மேல் எனக்குக் கோபமில்லை. வயதாகிவிட்டது, காது மந்தம். இல்லாவிட்டால், பெற்ற மகளின் குரல் ஒரு தாய்க்கு அடையாளம் தெரியாமல் போகுமா?