செவ்வாய்க்கிழமை ஏன் நடக்கவில்லை?

ஃபீபி: நான் அழல. கண்ணுல தூசி.

தேவானந்தம்: ஆஸ்பத்திரி வராண்டால ஏது தூசி? டாக்டர் ஒண்ணும் முடிவா சொல்லலியே, ஃபீபி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்னுதான்...

ஃபீபி: மூணு நாள் அட்மிட் ஆகணும்னாரே! கணையத்துல இன்னாவோ இருக்கலாம்னாரே! காதுல விழலியா?

தேவானந்தம்: இருக்கலாம்னாரு. இருக்குதுன்னு சொல்லல.

ஃபீபி: தினமும் இருபத்தெட்டாயிரம் ஸ்டெப் நடக்குறவருக்கு சுகர் முந்நூத்திப் பத்துன்னா வேற இன்னா அர்த்தம்? வாட்ச் கணக்கைப் பார்த்து டாக்டரே மிரண்டுட்டாரு. இவ்ளோ நடந்தும் இறங்கலன்னா இது சாதாரண சுகர் இல்லம்மான்னாரு.

தேவானந்தம்: அந்த நடை கொஞ்சம்... முன்னப் பின்ன இருக்கும்.

ஃபீபி: எப்படி இருக்கும்? நம்ம கிரேஸி பெங்களூர்ல இருந்து வாங்கி அனுப்பின வாட்ச். அப்பா எடுக்குற ஒவ்வொரு அடியும் என் போன்ல விழணும்னு செட் பண்ணிக் குடுத்திருக்கா பொண்ணு. நான் சர்ச்சுல சாட்சி வேற சொல்லிட்டேன்.

தேவானந்தம்: சாட்சியா? எப்ப?

ஃபீபி: போன ஞாயிறு. அம்பத்தி நாலு வயசுல என் வீட்டுக்காரரைக் கர்த்தர் மான் மாதிரி ஓட வைக்கிறாருன்னு.

தேவானந்தம்: அய்யோ... அதான் பாஸ்டர் என் காலையே பார்த்துட்டு இருந்தாரா?

ஃபீபி: இப்ப ஆம்பூருக்குப் போன் போட்டு பெண்கள் சங்கத்துலயும் சொல்லிட்டேன். நாளைக்கு உங்க கணையத்துக்காக நாப்பது பேரு உபவாச ஜெபம்.

தேவானந்தம்: இன்னா! என் கணையத்துக்கு நாப்பது பேரு பட்டினியா?

ஃபீபி: சாயந்திரம் வரைக்கும். பச்சத் தண்ணி கூடக் கிடையாது.

தேவானந்தம்: நிறுத்தச் சொல்லு. மொதல்ல போனைப் போடு.

ஃபீபி: ஜெபத்தை நிறுத்துறதா? ஏன்?

தேவானந்தம்: ஏன்னா... அவ்ளோ மோசம் இல்ல.

ஃபீபி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

தேவானந்தம்: என் கணையம்தானே...

நர்ஸ் ரெனிட்டா: தேவானந்தம் யாரு? சார், நீங்களா? அட்மிஷன் ஃபாரம். பத்து நிமிஷத்துல சைன் பண்ணிக் குடுத்துடுங்க.

தேவானந்தம்: பத்து நிமிஷத்துக்கு ஜாஸ்தி ஆனா, சிஸ்டர்?

நர்ஸ் ரெனிட்டா: பெட்டு வேற ஆளுக்குப் போய்டும்.

தேவானந்தம்: பாவம், அவருக்கே குடுத்துடுங்களேன்...

ஃபீபி: பயத்துல உளர்றாரு சிஸ்டர். நீங்க போங்க, நான் சைன் வாங்கித் தர்றேன். ...ம், பேனாவைப் புடிங்க.

தேவானந்தம்: கொஞ்சம் யோசிக்க விடேன்.

ஃபீபி: இதுல யோசிக்க இன்னா இருக்குது? வார்டுக்குள்ள போனா நடையைப் பத்தித் துருவித் துருவிக் கேப்பாங்க. சரியா சொல்லணும். ஞாயித்துக்கிழமைல மட்டும் தொள்ளாயிரம் ஸ்டெப்புதான் காட்டுது. ஏன்?

தேவானந்தம்: ஓய்வு நாளு.

ஃபீபி: சரி. போன செவ்வாய்க்கிழமை வெறும் இருநூறு. ஃபேக்டரிக்குப் போனீங்களே அன்னிக்கு?

தேவானந்தம்: அன்னிக்கு கரண்ட் இல்ல.

ஃபீபி: இன்னாது?

தேவானந்தம்: ஜெனரேட்டரும் ரிப்பேரு.

ஃபீபி: நடக்குறதுக்கு எதுக்குங்க கரண்ட்டு?

தேவானந்தம்: அந்த சிஸ்டர் எங்க போனாங்க?

ஃபீபி: உங்களைத்தான் கேக்குறேன்.

தேவானந்தம்: மெதுவா பேசு... எல்லாரும் பார்க்குறாங்க. எங்க ஷூ ஃபேக்டரில டெஸ்டிங் ரூமு இருக்குதில்ல? அங்க ஒரு மெஷினு. புது ஷூவை அதுல மாட்டிட்டா நாள் பூரா வளைச்சு வளைச்சு நிமித்தும். சோல் விரிசல் விடுதான்னு பார்க்க.

ஃபீபி: சரி.

தேவானந்தம்: அந்த ஷூவுல... வாட்சைக் கட்டி விட்டுடுவேன்.

ஃபீபி: அப்ப நான் சாட்சி சொன்னது ஒரு ஷூவுக்கா?

தேவானந்தம்: சாதா ஷூ இல்ல. எக்ஸ்போர்ட்டு.

ஃபீபி: அடப்பாவி மனுஷா! மெஷினைப் பார்த்துக்குறவரு இதுக்கு விட்டாரா?

தேவானந்தம்: நயீம் அகமது நம்ம தோஸ்த்துதானே. சும்மா இல்ல, வெள்ளிக்கிழமை ஆனா அவனுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் குடுத்துடணும்.

ஃபீபி: அவருக்கு மட்டும்?

தேவானந்தம்: தனியா சாப்பிட மாட்டானாம்.

ஃபீபி: கூட ஸ்வீட்டு?

தேவானந்தம்: கம்மியாத்தான்.

ஃபீபி: நெஜமா ஒரு நாளைக்கு எவ்ளோதான் நடக்குறீங்க?

தேவானந்தம்: என் சீட்டுல இருந்து அந்த மெஷின் வரைக்கும். போக ஒரு தடவ, வர ஒரு தடவ.

ஃபீபி: சிரிக்காதீங்க! ...எனக்கே வருது. ஸ்தோத்திரம், அப்ப கணையத்துல ஒண்ணும் இல்ல! எழுந்திரிங்க. டாக்டர்கிட்ட போய் இப்படியே சொல்லுங்க.

தேவானந்தம்: நீயும் வா. லேடீஸ் இருந்தா கம்மியா திட்டுவாரு.

ஃபீபி: நான் வரல.

தேவானந்தம்: ஏன்?

ஃபீபி: மாத்திரை பத்திக் கேப்பாரு.

தேவானந்தம்: கேக்கட்டுமே. அதுல நான் சுத்தம். காலைல நீ கையில வைக்கிறதை அப்படியே முழுங்குறேன்.

ஃபீபி: முழுசாவா வைக்கிறேன்?

தேவானந்தம்: பின்ன?

ஃபீபி: பாதி. ரெண்டு மாசமா.

தேவானந்தம்: ஃபீபி!

ஃபீபி: கத்தாதீங்க... எல்லாரும் பார்க்குறாங்க. இருபத்தெட்டாயிரம் நடக்குற மனுஷனுக்கு முழு மாத்திரையும் குடுத்து, சுகர் இறங்கி ரோட்ல விழுந்துட்டா? டாக்டரைக் கேட்டா பேஜார் பண்ணுவாருன்னு நானே உடைச்சுட்டேன்.

தேவானந்தம்: அடிப்பாவி! நடந்தது மெஷினு, தின்னது நானு, மாத்திரை பாதி. அப்புறம் கணையம் மேல பழி போட்டா அது இன்னா பண்ணும்? ...சரி, மீதிப் பாதியை இன்னா பண்ண? தூக்கிப் போட்டியா?

ஃபீபி: போடல.

தேவானந்தம்: டப்பால இருக்குதா?

ஃபீபி: இல்ல... நான்தான் முழுங்குறேன். சங்கத்துல கேம்ப் வச்சப்ப எனக்கும் சுகர் பார்த்தாங்க, முந்நூத்தி நாப்பது. தினமும் உங்களை அந்தத் திட்டு திட்டிட்டு, எனக்கும் இருக்குதுன்னு எந்த வாயால சொல்ல?