சல்ஹாவின் இடுப்பைத் திறக்க விடாத டாக்டர் ஹாதியா

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், கூடியிருக்கும் எல்லோருக்கும் என் சலாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையில் தாள் இல்லை. நினைவில் இருப்பதைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பை நடந்து, முதல் ஆட்டத்திலேயே மாலியிடம் நாம் தோற்றோமே, அந்த வருடம். ஊரே பேசாமல் இருந்த அந்த வாரத்தில்தான் என் மனைவி சல்ஹாவை கெர்க்கென்னா தீவிலிருந்து படகேற்றி இந்த ஸ்ஃபாக்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். அவளுக்கு இடுப்பில் செயற்கை மூட்டு வைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. நடந்தால் வலி. எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெளிவாக இல்லை.

பெரிய டாக்டர் சொன்னார்: "மூட்டு ஆடுதான்னு திறந்து பாத்தாதான் தெரியும் ஹாஜி."

"திறந்து பாத்து ஆடலேன்னா?"

"மூடிடுவோம்."

மூடிவிடுவார்களாம். முதல் அறுவையிலேயே மேசைமேல் நின்றுபோய் மறுபடி ஓடிய இதயம் அவளுடையது. இன்னொரு முறை தாங்குமா?

அப்போது வந்தவர்தான் எங்கள் டாக்டர் ஹாதியா ஷாக்கர். "முழங்கால்ல லேசா அதிர வைப்போம், இடுப்புல கேப்போம். மூட்டு இறுக்கமா இருந்தா அனுப்பின அதிர்வு அப்படியே வரும். ஆடினா கூடவே வேற சலசலப்பு சேர்ந்து வரும். கத்தி வேண்டாம்" என்றார்.

கருவியைக் கட்டிக் கேட்டார்கள். சலசலப்பு வந்தது. ஆடுகிறது என்று அறுவைக்கு நாள் குறித்தார்கள். ஆனால் டாக்டர் ஹாதியா கருவி வரைந்த கோடுகளை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் சல்ஹாவிடம் வந்தார்.

"அக்கா, நேத்து உள்ள என்ன போட்டிருந்தீங்க?"

"கம்பளிக் கால்சட்டை. ரெண்டு."

"ரெண்டா?"

"ஆம்பளப் பசங்க நிக்கிற இடத்துல பின்ன எப்படிம்மா?"

கருவியைக் கட்டிய இளைஞர்கள் மரியாதைக்காகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு துணிமேலேயே கட்டியிருக்கிறார்கள். தோலில் கட்ட வேண்டியது. டாக்டர் யாரையும் திட்டவில்லை. "நான் நின்னு பாத்திருக்கணும்" என்றார். என்னையும் சேர்த்து ஆண்கள் எல்லோரையும் வெளியே அனுப்பித் திரையை இழுத்தார்.

இந்த முறை அதிர்வு சுத்தமாக வந்தது. மூட்டு இறுக்கம்.

பெரிய டாக்டர் கேட்டார்: "நேத்து ஆடுதுன்னீங்க, இன்னைக்கு ஆடலைங்கறீங்க. எதைம்மா நம்புறது?"

"இன்னைக்கு சொல்றதை சார். நேத்து நாம கேட்டது கம்பளியை."

"தப்பாயிட்டா?"

"என் பேரைப் போட்டு எழுதிக்கோங்க."

எத்தனை பேர் அப்படிச் சொல்வார்கள்? முதுகெலும்பில் நரம்பு அழுந்தியிருந்ததைப் பிறகு கண்டுபிடித்தார்கள். மாத்திரையும் பயிற்சியும் போதுமாக இருந்தன. யாரும் அவளைத் திறக்கவில்லை.

டாக்டர் ஹாதியா இறந்து இன்றோடு நாற்பது நாளாயிற்று. அழுகை வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. வலை இழுக்கிறேன், சாப்பிடுகிறேன், உடம்பு மரத்துக் கிடக்கிறது.

வருடா வருடம் நாங்கள் எட்டுக்கால் பேய்க்கணவாய் பிடிக்கும் பருவம் முடிந்ததும் எங்களை வரச்சொல்லி மறுபடி கேட்டுப் பார்ப்பார். தன் சொல் இன்னும் சரிதானா என்று பார்க்கவேண்டுமாம். இந்த வருடமும் வருவோம். இளைய டாக்டர்களே, கருவியை மூலையில் போட்டுவிடாதீர்கள். எங்கள் தீவில் மூட்டு வைத்த எல்லோரையும் நானே படகேற்றிக் கூட்டிவருகிறேன். இது என் வாக்கு.

அன்று திரைக்கு உள்ளே மூன்று பெண்கள் இருந்தார்கள். நர்ஸ் ஜமீலா போன ரமலானுக்கு முன் காலமானார். இப்போது டாக்டர். மிச்சம் ஒருத்திதான். அதோ, கதவோரம், நாற்காலி போட்டும் உட்காராமல் நிற்கிறாளே, அவள்தான் சல்ஹா.